சந்தனமாரிக்கு ஒரு வாய்தா

முப்பிடாதியின் வயிற்றுப் பிள்ளை பிறக்காமல் வாய்தாவில் நின்றுபோன கதையை ஆலங்கரை கோர்ட் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் ஆளுக்கு ஒரு இடத்தில் ஆரம்பிப்பார்கள். டீக்கடைக்காரர் அவள் முதன்முதலில் வந்து சுடுதண்ணீர் கேட்டதிலிருந்து ஆரம்பிப்பார், வளையல் கடைக்காரி தன் கடையில் வளையல் தீர்ந்துபோனதிலிருந்து ஆரம்பிப்பாள், கோர்ட் சுவரை ஒட்டித் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து மனு அடித்துக் கொடுக்கிற நாங்கள் மட்டும் குத்தாலிங்கம் அண்ணாச்சியின் கால்களிலிருந்து ஆரம்பிப்போம். அவர் வக்கீல் ஜெசிந்தா அம்மாவிடம் குமாஸ்தா, நிற்கத் தெரியாத மனிதர். உட்கார்ந்தால் தொடை ஆடும், நின்றால் குதிகால் ஆடும், சாப்பிடும்போதுகூட ஒரு கால் செருப்புக்குள் இருக்கும்.

குமாஸ்தா வேலையை லேசாக நினைக்கிறவர்கள் ஒருநாள் அவர் பின்னால் நடந்து பார்க்க வேண்டும். காலையில் கேஸ் கட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்சீப் கோர்ட்டுக்கு ஓடி வரப்புத் தகராறில் ஒரு தேதி வாங்கி, அங்கிருந்து மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு ஓடி அடிதடியில் ஜாமீன்காரர்களை வரிசையில் நிறுத்தி, சாட்சிக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, வெற்றிலையைத் துப்பச் சொல்லி, கூண்டில் ஏறினால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு என்று காதில் ஓதி, வக்கீலம்மா படியேறி வரும்போதே எதிரே நிற்கிற கட்சிக்காரன் பெயர் இன்னது, அவன் அண்ணன்தான் எதிரி, அழுதால் நம்பாதீர்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, கட்டைச் சிவப்பு நாடாவால் இறுக்கி, அடுத்த கட்டை அவிழ்க்கிற ஆள் அவர். சிவிலும் அவர் கக்கத்தில்தான், கிரிமினலும் அவர் கக்கத்தில்தான். இத்தனையிலும் அவருக்குப் பெருமை என்று ஒன்றே ஒன்றுதான்: தன் கட்டு எதுவும் மூன்றாவது சத்தம் கேட்டதில்லை.

மூன்றாவது சத்தம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கேஸ் எடுத்ததும் டவாலி மீராசா வாசற்படிக்கு வந்து கட்சிக்காரர் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார், அவர் தொண்டைக்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆடு திரும்பிப் பார்க்கும். மூன்றாவது சத்தத்துக்கும் ஆள் வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுதி மனுவைத் தள்ளுபடி பண்ணிவிடுவார்கள், பிறகு அதை உயிர்ப்பிக்க ஒரு மனு, தாமதத்தை மன்னிக்க ஒரு மனு என்று தலைமுடி நரைத்துப்போகும். குத்தாலிங்கம் அண்ணாச்சி இரண்டாவது சத்தம் அடங்குவதற்குள் உள்ளே பாய்ந்து, பின்வரிசையில் கைகூப்பி நின்று, “ஐயா, வக்கீலம்மா அடுத்த கோர்ட்டுல வாதாடிக்கிட்டு இருக்காவ, ஒரு வாய்தா மட்டும்” என்பார். குமாஸ்தா கோர்ட்டில் வாய் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அவர் திறப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

முப்பிடாதி வந்தது கோடை விடுமுறைக்குக் கோர்ட் மூடுகிற கடைசி நாளின் கடைசி மணியில். பீடி சுற்றுகிற பெண், நிறைமாதம், புருஷன் இசக்கிதுரை லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், யாரோ எதையோ சொன்ன பேச்சைக் கேட்டு வயிற்றில் இருப்பது தன் பிள்ளை இல்லை என்று சொல்லி வீட்டைப் பூட்டிவிட்டான். ஜீவனாம்ச மனு போட வேண்டும், அன்றைக்கே போட வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, பழைய மனுவை எதிரில் வைத்துக்கொண்டுதான் புது மனு அடிப்போம். பெயரை மாற்று, ஊரை மாற்று, வீட்டைவிட்டுத் துரத்திய தேதியை மாற்று, பாக்கி அழுகை எல்லாம் ஒன்றுதான். அண்ணாச்சி எப்போதோ போட்ட ஒரு மனுவை எடுத்துக் கொடுத்து நின்றுகொண்டே திருத்தங்களைச் சொன்னார், ஆடுகிற காலோடு சொன்னார், அவசரத்தில் இரண்டாம் மனுதாரரை எடுக்கச் சொல்ல மறந்தார். அந்தப் பழைய கேஸில் வேறொரு தாய்க்கு ஒரு மகள் இருந்தாள், இன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருக்கிறாள். அவள் பெயர் அப்படியே நின்றது: மனுதாரர் இரண்டு, மைனர் சந்தனமாரி, தாயாரும் காப்பாளருமான முதல் மனுதாரர் மூலமாக.

சீல் விழுந்து நம்பர் ஆன பிறகுதான் அண்ணாச்சி பார்த்தார். பார்த்தவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, “பிள்ள பொறக்கத்தானே போவுது, பேரு முந்தி வந்துட்டு, அவ்வளவுதாம். மொத வாய்தாவுல சரி பண்ணிக்கிடலாம்” என்றார்.

முதல் வாய்தாவில் மீராசா முப்பிடாதியைக் கூப்பிட்டார், அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு மீராசா “மைனர் சந்தனமாரி” என்று கூப்பிட்டார், இன்னொரு முறை கூப்பிட்டார், யாரைக் காட்டுவது என்று தெரியாத அண்ணாச்சி பாய்ந்து போய்க் கைகூப்பி ஒரு வாய்தா வாங்கினார். அந்த வாரமே அவளுக்கு வலி கண்டது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள், வலி வந்த வேகத்தில் நின்றது, டாக்டரம்மா கைவைத்துப் பார்த்துத் தலை கீழே இருக்கிறது, துடிப்பு நன்றாக இருக்கிறது, எல்லாம் தயாராக இருக்கிறது, ஆனால் வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அங்கே ஒரு நர்ஸம்மாவுக்கு எங்கள் கோர்ட்டில் பல வருஷமாகக் கிணற்று வழக்கு நடந்தது.

“ஏட்டி, கேஸு ஏதும் நடக்கா?” என்று கேட்டார் நர்ஸம்மா.

“நடக்கு.”

“பிள்ள பேரும் அதுல இருக்கா?”

“இருக்கு.”

“வாய்தா என்னைக்கு?”

முப்பிடாதி சொன்னாள். நர்ஸம்மா அட்டையில் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, “அப்பம் அதுக்கு முன்ன வராது. வீட்டுக்குப் போயி நல்லா சாப்பிடு” என்றார்.

அப்படித்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது, தெரிந்தபின் ஊர் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. வாய்தா தள்ளிப்போகப் போகப் பிள்ளையும் தள்ளிப்போனது, தைக்கு வாய்தா என்றால் தை வரைக்கும், ஆடிக்கு வாய்தா என்றால் ஆடி வரைக்கும். முப்பிடாதியின் ஆத்தா முதல் வருஷம் வளைகாப்பு முடித்திருந்தாள், மறு வருஷமும் வயிறு இருக்கும்போது வளைகாப்பு இல்லாமல் எப்படி என்று தெருவே கூடி இன்னொன்று நடத்தியது, அதற்கடுத்த வருஷம் அது கோயில் பங்குனிக் கொடை மாதிரி தானாக நடந்தது, ஏழு வகைச் சோறும் எங்கள் டைப் மிஷின்களுக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. அவள் வயிற்றின்மேல் பீடிச் சுளகை வைத்துச் சுற்றப் பழகினாள், உள்ளே இருந்து உதை விழுந்தால் புகையிலை சிதறும், “ஏட்டி, சும்மா இரி” என்று அதட்டுவாள். மினிபஸ் கண்டக்டருக்கும் அவளுக்கும் ஒரு தகராறு வந்தது, பிள்ளைக்கு வயசு ஆகிறதா இல்லையா, அரை டிக்கெட் உண்டா இல்லையா என்று. பஸ்ஸில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கோர்ட் ஸ்டாப் வரைக்கும் வாதாடினார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் அவள் வயிற்றைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பால்வாடி டீச்சர் ஒரு தட்டில் சந்தனமாரி என்று எழுதி அலமாரியில் கவிழ்த்து வைத்தார்.

ஊர் இத்தனையும் செய்தது, ஆனால் ஊருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வர வேண்டியது வராமல் வாசலில் நிற்கிறபோது வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் பாயில் முதுகு படியாது அல்லவா, அந்த மாதிரி. எங்கள் தெருவில் யாரும் ஒரு டீயை முழுசாகக் குடிப்பதை விட்டார்கள். நாங்கள் ஒரு வரியை அடித்துவிட்டு வாசலைப் பார்ப்போம், இன்னொரு வரியை அடித்துவிட்டு வாசலைப் பார்ப்போம், அதனால் எங்கள் மனுக்களில் பிழை கூடியது. அண்ணாச்சிக்கு இரண்டு காலும் சேர்ந்து ஆடத் தொடங்கியது. இசக்கிதுரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து வராந்தாத் தூண்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பான், வந்த கோபத்தில் பாதி எங்கேயோ தொலைந்துபோயிருந்தது, முப்பிடாதி திரும்பியிருக்கும்போது அவள் வயிற்றைப் பார்ப்பான், அவள் திரும்பினால் கூரையைப் பார்ப்பான். அவன் வக்கீல் மட்டும் அசையவில்லை. பிறக்காத பிள்ளைக்கு ஜீவனாம்சமா, பிறக்கட்டும், ரத்தம் பார்ப்போம், அதுவரைக்கும் தாய்க்கும் தனியாகத் தர முடியாது, இரண்டும் ஒரே மனு என்பது அவர் வாதம். ஒவ்வொரு வாய்தாவையும் அவர் ஆட்சேபணை இல்லை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பெயரை எடுத்துவிடலாம் என்று ஜெசிந்தா அம்மா ஒரு திருத்த மனு போட்டார். அதற்கு ஒரு நம்பர் விழுந்தது, அதற்கும் ஒரு வாய்தா விழுந்தது, பிறகு திருத்த மனுவும் மூல மனுவும் மாறி மாறித் தள்ளிப்போய் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

இதற்கு நடுவில் ஜனங்கள் அண்ணாச்சியைத் தேடி வர ஆரம்பித்தார்கள். மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போட ஒரு வாய்தா, அறுவடை முடிகிறவரை மழைக்கு ஒரு வாய்தா, வைத்தியர் கைவிட்ட அண்ணனுக்கு ஒரே ஒரு வாய்தா. முதலில் அவர் மீசையைத் தடவினார், நாங்களும் அவரைத் தெய்வமே என்று கூப்பிட்டுக் கேலி பண்ணினோம். அந்த அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அழுததைப் பார்த்த பிறகு அவர் தேடி வருகிறவர்களைக் கண்டாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். தன் வாயிலிருந்து இத்தனை காலமாக என்ன வந்துகொண்டிருந்தது என்று அவருக்கு அப்போதுதான் பயம் வந்தது.

போன ஆவணியில் வாய்தாவுக்கு முந்தின நாள் மத்தியானம் முப்பிடாதி எங்கள் தகரக் கூரைக்கு வந்தாள். அண்ணாச்சி நின்றுகொண்டே ஒரு கட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள், உட்கார அவளுக்கு வெகு நேரம் ஆனது.

“அண்ணாச்சி, நாளைக்கு நீங்க எந்திரிக்கக் கூடாது.”

“என்னம்மா சொல்லுத?”

“டவாலி மொத சத்தம் போட்டதும் இவ தலையத் திருப்புதா. ரெண்டாவது சத்தத்துல எறங்குதா, எனக்கு இடுப்பெலும்பு விரியிது. அதுக்குள்ள நீங்க எந்திரிச்சிருதிய. தேதி சொன்னதும் மேல ஏறிருதா. ஒவ்வொரு தடவையும் இப்படித்தாம்.”

அண்ணாச்சியின் கை நாடாவில் நின்றது. “மூணாவது சத்தத்துக்கும் ஆளு வரலேன்னா தள்ளுபடிம்மா. ஒனக்கு ஒண்ணும் இல்லாமப் போயிரும். வக்கீலம்மா என்னிய வீட்டுக்கு அனுப்பிருவாவ.”

“தள்ளுபடி ஆனா ஆவட்டும். முன்ன எல்லாம் உதைப்பா. புகையிலையக் கொட்டிவிட்டுருவா. இப்பம் ரெண்டாவது சத்தத்துக்கே லேசாத்தாம் அசையிதா.” அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு நாளு அசையாமப் போயிருவா அண்ணாச்சி. கூப்புட்டுக் கூப்புட்டு வேண்டாம்னு சொன்னா எந்தப் பிள்ளதாம் வரும்?”

எங்கள் மிஷின்கள் நின்றன. அண்ணாச்சி கட்டைத் தூக்கிக்கொண்டு போனார், போகிற போக்கில் சைக்கிளை மறந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவர் வக்கீலம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஜெசிந்தா அம்மா நல்ல மனுஷி, ஆனால் அவருக்கு ஒரே நேரத்தில் மூன்று கோர்ட். “குத்தாலிங்கம், தள்ளுபடி ஆனா அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? நாளைக்கு முன்சீப் கோர்ட்டுல எனக்குக் குறுக்கு விசாரணை. வழக்கம்போல ஒரு தேதி வாங்கிருங்க” என்றாராம். அண்ணாச்சி கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாராம்.

மறுநாள் காலையில் தெரு முழுக்க கோர்ட்டுக்குள் இருந்தது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார், வளையல் கடைக்காரி வந்தாள், நர்ஸம்மா தன் கிணற்று வழக்குக்கு வந்தவர் இங்கே வந்து உட்கார்ந்தார், நாங்கள் சுவரோரம் நின்றோம். புதிதாக மாறுதலாகி வந்திருந்த மாஜிஸ்திரேட் இத்தனை கூட்டம் எதற்கு என்று கேட்டார், பெஞ்ச் கிளார்க் ஜீவனாம்ச கேஸுக்கு ஐயா என்று சொன்னார், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சரி கூப்பிடுங்கள் என்றார்.

முப்பிடாதி உள்ளே வந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீராசா வாசற்படியில் நின்று, “மைனர் சந்தனமாரி!” என்றார்.

அவள் வயிறு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பின்வரிசையில் அண்ணாச்சியின் கால்கள் ஆடுகிற சத்தத்தில் பெஞ்ச் கடகடவென்றது.

“மைனர் சந்தனமாரி!”

முப்பிடாதி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். இசக்கிதுரையின் வக்கீல் வழக்கம்போலத் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தார், பெஞ்ச் கிளார்க் அடுத்த தேதியை எழுதப் பேனாவை எடுத்தார், மாஜிஸ்திரேட்டும் யாரோ எழுந்திருப்பார்கள் என்று பின்வரிசையைப் பார்த்தார், அத்தனை கண்ணும் தன்மேல் இருக்க அண்ணாச்சி எழுந்திருக்கத்தான் போனார், அவர் உடம்பு பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டது, கைகள் கூப்பப் போயின, அந்தக் கைகளால் கேஸ் கட்டைப் பிடித்து நெஞ்சோடு அமுக்கி, சிவப்பு நாடாவின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் ஓட மறுபடி உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை.

மீராசாவுக்கே குழப்பம். இந்தக் கேஸில் மூன்றாவது சத்தம் போட்டு அவருக்குப் பழக்கம் இல்லை. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், யாரும் ஒன்றும் சொல்லாததால் தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தனை வருஷம் தொண்டைக்குள் நின்றிருந்த அத்தனை மூன்றாவது சத்தத்தையும் சேர்த்துவைத்துக் கூப்பிட்டார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது, வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பின, பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் நின்றன என்று பிறகு சொன்னார்கள்.

அதன் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மாஜிஸ்திரேட் காத்திருந்தார். பெஞ்ச் கிளார்க் தேதிப் பேனாவை வைத்துவிட்டு மற்ற பேனாவை, வரவில்லை என்று எழுதுகிற பேனாவை எடுத்தார். முப்பிடாதி அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

தரையில் தண்ணீர் விழுந்தது.

“எல்லாரும் திரும்பிக்கிடுங்க!” என்று நர்ஸம்மா எழுந்து ஓடினார். வளையல் கடைக்காரி முந்தானையை விரித்தாள், எங்களில் பெண்கள் சுற்றி நின்றோம், ஆண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள், மாஜிஸ்திரேட்டும் நாற்காலியோடு சுவரைப் பார்த்துத் திரும்பினார், இசக்கிதுரையின் வக்கீலைத் தோளைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. முப்பிடாதி கத்தவில்லை, அவள் கத்தியதெல்லாம் முந்தின வருஷங்களில் முடிந்திருந்தது. பெஞ்சைப் பிடித்து ஒரே ஒரு மூச்சு விட்டாள்.

பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டே வந்தது. தலையில் தோள்வரைக்கும் முடி இருந்தது, ஒரு பல் இருந்தது, சுற்றிலும் நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது, இத்தனை வருஷம் உள்ளே இருந்து கேட்ட பேச்சை வைத்து ஆளை அறிந்த மாதிரி பார்த்தது. பிறகு மீராசா நின்ற வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, அவர் தொண்டைக்குக் கொஞ்சமும் குறையாமல் அழுதது.

“மனுதாரர் ரெண்டு?” என்று சுவரைப் பார்த்தபடியே பெஞ்ச் கிளார்க் கேட்டார்.

“ஆஜர்!” என்றார் மீராசா. அவரும் அழுதுகொண்டிருந்தார்.

இசக்கிதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். பிள்ளை அவனைப் பார்த்தது, மற்றவர்களைப் பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தது. “ஆட்டோவ வாசலுக்குக் கொண்டாரேன். பின்னால வைக்கோலு கெடக்கு, அதுல துணி விரிச்சா குலுங்காது” என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினான். அவன் வக்கீல் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, கட்சிக்காரர் வெளியே போயிருப்பதால் இடைக்கால ஜீவனாம்சத்துக்குப் பதில் சொல்ல ஒரு வாய்தா என்று ஆரம்பித்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளை நிறுத்தியிருந்த அழுகையை மறுபடி எடுத்தது, எடுத்த எடுப்பில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் முன்சீப் கோர்ட்டிலிருந்து கருப்புக் கோட்டு பறக்க ஜெசிந்தா அம்மா ஓடி வந்தார். மூன்றாவது சத்தம் அவருக்கு அங்கேயே கேட்டிருக்கிறது. வாசலில் நின்று முதலில் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார், திட்ட வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டு கையை நீட்டினார். அண்ணாச்சி கட்டை அவிழ்த்துக் கொடுத்தார்.

பெஞ்ச் கிளார்க் பழக்கத்தில் பின்வரிசையைப் பார்த்து, “அண்ணாச்சி, எந்தத் தேதி வேணும்?” என்று கேட்டார்.

குத்தாலிங்கம் அண்ணாச்சி எழுந்து நின்றார். அவர் கால்கள் ஆடவில்லை.

“இன்னைக்குங்கய்யா” என்றார்.